மீன் ஏறாத கார்

சொஹார், ஓமன்
9 ஜூன் 2024

தங்கச்சி ஷெர்லிக்கு அண்ணன் அல்போன்ஸ் எழுதுவது. மாதா கிருபையில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் கால்முட்டு வலி எப்படி இருக்கிறது? மழை தொடங்கிவிட்டதா?

விசாரிக்க வேண்டியதை விசாரித்தாயிற்று. இனி விஷயம். ஜான்ரோஸ் தன் லேத் பட்டறைப் படம் ஒன்றை ஸ்டேட்டஸில் போட்டிருந்தான். படத்தின் மூலையில், ஒரு பழைய டயரின் மேல் என் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. வேறு எவனுடைய எஞ்சின் என்றாலும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பேன். மேல்மூடிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்த மாருதி எஞ்சின் ஊரில் என்னைத் தவிர யாரிடம் இருக்கிறது?

அவனைக் கூப்பிட்டேன். "உனக்க தங்கச்சிதாம் அண்ணே களத்தச் சொன்னா. கரண்டு மோட்டார் வைக்கப்போறாளாம்" என்று சிரிக்கிறான். உன்னைக் கூப்பிட்டால் போன் போகவே இல்லை. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்பது புரியவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கூடப்பிறந்தவனைத் தடுத்து வைக்கிற அளவுக்கு நீ வளர்ந்துவிட்டாய். அதனால்தான் தாளும் பேனாவும் வாங்கி எழுதுகிறேன்.

அப்பா மீன்பிடி வள்ளம் கட்டிய கொட்டகையில், இரும்புக் குழாயை வளைத்து, வள்ளத்துக்குப் போடுகிற பைபரையே போட்டு, ஒவ்வொரு லீவிலும் வந்து நான் கட்டிய கார் அது. அதற்கு நீ ஒரு ஆணிகூட அடித்ததில்லை. யாரைக் கேட்டுக் கை வைத்தாய்?

எஞ்சின் இருந்த இடத்துக்கு எஞ்சின் போக வேண்டும். பதில் எழுது.

அல்போன்ஸ்

•

இராஜாக்கமங்கலம் துறை
24 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவும் சுகம். அங்கே வெயில் கொடுமை என்று கேள்விப்பட்டேன், தண்ணீர் நிறையக் குடி.

உன் எஞ்சினைக் கழற்றச் சொன்னது நான்தான். ஜான்ரோஸைத் திட்டாதே. உன் நம்பரைத் தடுத்ததும் நான்தான். நீ போனில் கத்துவாய், ஓட்டு வீட்டில் பக்கத்து அறைவரை கேட்கும். அம்மா கேட்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அம்மா போனுக்குக் கூப்பிட்டுப் பேசு. காரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசாதே. என்னிடம் கோபப்படுவதானால் எழுது. தாள் கத்தாது.

உன் கார் இரண்டு வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடந்தது. சோக்கைப் பாதி இழுத்து, கார்பரேட்டரை ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினால்தான் கிளம்பும் என்றாய். தட்டி என் கை வலித்ததுதான் மிச்சம். சாமான் வைக்கிற இடத்தை எஞ்சினுக்கு மேலே வைத்துக் கட்டியிருக்கிறாய். அங்கே ஒரு பையை வைத்தால் அரை மணி நேரத்தில் அடுப்பில் வைத்ததுபோல் சுடுகிறது. மோட்டார் அப்படிச் சுடாது. கியர் பெட்டியை அப்படியே விட்டிருக்கிறேன், அதனுடன் மோட்டாரைச் சேர்க்கிற இரும்புத் தட்டை ஜான்ரோஸ் கடைகிறான். பேட்டரி வேலை எனக்குத் தெரியும். நாகர்கோவிலில் இன்வெர்ட்டர் கடையில் எட்டு வருஷமாக நான் வேறென்ன செய்கிறேன்?

ஒன்று வேண்டும். ஆர்.சி. புத்தகம் உன் பெயரில் இருக்கிறது. பெட்ரோலிலிருந்து கரண்டுக்கு மாற்ற உன் கையெழுத்து இல்லாமல் வண்டி ரோட்டில் ஏற முடியாது. தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பு.

எதற்கு என்று கேட்பாய். மீன் கொண்டுபோக. அம்மாவும் ரீத்தாக்காவும் இன்னும் இரண்டு பேரும் தினமும் ஆசாரிப்பள்ளம் பக்கம் போய் விற்க வேண்டும் அல்லவா?

உன் தங்கை
ஷெர்லி

•

சொஹார்
11 ஜூலை 2024

ஷெர்லிக்கு,

நான் சுகமாக இல்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

மீனா? என் காரிலா?

உனக்குச் சின்ன வயது, தெரியாது. எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனான். வாத்தியார் அவனை ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார். நான் காலையில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போனவன். சட்டையை அம்மா மீன் விற்ற கையால் மடித்து வைத்திருந்தாள், அவ்வளவுதான். அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். ஒருநாள் நான் ஒரு வண்டியில் டவுனுக்குள் போவேன், அதில் ஏறினால் என்னைப் பார்த்து எவனும் மூக்கைப் பொத்தமாட்டான் என்று. அதற்காகக் கட்டியது அந்தக் கார். வெள்ளை சீட் உறை போட்டு, கோயில் திருவிழாவுக்கு நான் கொண்டுவந்து நிறுத்தியபோது ஊரே சுற்றி நின்று பார்த்தது. நீயும்தானே படம் எடுத்தாய்?

அதில் அலுமினியப் பாத்திரத்தில், சருவம் சருவமாய் மீனை ஏற்றப்போகிறாய். நான் கையெழுத்துப் போடுவேன் என்று நினைத்தாயே, உன் தைரியத்தைச் சொல்ல வேண்டும்.

தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. கிறிஸ்துமஸுக்குள் எஞ்சின் உள்ளே போயிருக்க வேண்டும். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அல்போன்ஸ்

•

இராஜாக்கமங்கலம் துறை
28 ஜூலை 2024

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்க எனக்கும் பொறுமை இல்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். அதை உடைக்கிறேன். பாவம் எனக்கே சேரட்டும்.

ஏப்ரல் மாதம், ஈஸ்டர் கழிந்த வாரம். அம்மா சருவத்தோடு பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். டிக்கெட்டும் எடுத்தாயிற்று. முன் சீட்டில் இருந்த யாரோ முகம் சுளித்திருக்கிறார்கள். கண்டக்டர் விசில் அடித்து நடுவழியில் வண்டியை நிறுத்தினான். "எம்மா, நாத்தம் தாங்கல்ல. எறங்கு. போய்க் குளிச்சி சேலைய மாத்திட்டு வா, ஏத்துதேன்" என்றானாம். ரீத்தாக்கா கூட இருந்ததால்தான் எனக்கே தெரியும்.

அம்மா அழவில்லை. படியில் நின்று திரும்பி, "எனக்க மவன் காரு கட்டி வச்சிருக்கான், கேட்டியா? இனி உனக்க பஸ்ஸு எனக்குத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறாள். வெயிலில் நின்று மீனெல்லாம் வயிறு வெடித்துப் போனது. அதை வாய்க்காலோரம் கொட்டிவிட்டு அவளும் ரீத்தாக்காவும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது, "அந்த வண்டிய ஓட்ட முடியுமா மக்கா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அண்ணனிடம் கேட்டேன், சரி என்று சொல்லிவிட்டான்" என்றேன். பொய்தான். அந்தப் பொய்யைக் கேட்டு அம்மா சிரித்தாள் பார், அதற்காக இன்னும் நூறு பொய் சொல்லலாம். நீ அனுமதி கொடுத்தாய் என்று துறை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

இப்போது சொல். எட்டாம் வகுப்பில் உன்னை எழுப்பி விட்டதற்கு இத்தனை வருஷம் கோபப்படுகிற நீ, இதற்கு என்ன செய்யப்போகிறாய்? இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். கிழிக்காதே.

ஷெர்லி

•

சொஹார்
15 செப்டம்பர் 2024

ஷெர்லிக்கு,

நலம். இங்கே கப்பல் ஒன்று பழுதுக்கு வந்து இரவும் பகலும் வெல்டிங். அதனால் எழுதத் தாமதம்.

ஜான்ரோஸ் கடைந்த தட்டின் படம் பார்த்தேன். நடுத்துளை ஒரு நூல் விலகியிருந்தாலும் கியர் பெட்டியின் பேரிங் ஒரு மாதத்தில் தூளாகும். அவனுக்கு அவ்வளவு நுணுக்கம் வராது என்று எனக்குத் தெரியும். பேட்டரியைப் பின் சீட்டுக்கு அடியில் வைத்தால் பாரம் முழுக்கப் பின் சக்கரத்துக்குப் போகும், பின் ஸ்பிரிங் அதைத் தாங்காது. மோட்டார் வைத்தால் வண்டிக்குச் சத்தமே இருக்காது. சத்தமில்லாத வண்டி என்ன வண்டி? என் வண்டி திருப்பத்தில் வருவதை வீட்டிலிருந்தே கேட்கலாம்.

வெள்ளை சீட் உறைகளை எங்கே வைத்திருக்கிறாய்? பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள். எஞ்சினை டயர்மேல் திறந்து வைக்காமல் எண்ணெய் தடவி மூடி வை. சிலிண்டருக்குள் துரு ஏறினால் அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அம்மாவுக்கு ஒரு ஆட்டோ பேசிவிடு. காசு அனுப்புகிறேன்.

அல்போன்ஸ்

•

இராஜாக்கமங்கலம் துறை
2 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

இரண்டு மாதம் காத்திருந்தேன். வந்தது பேரிங்கும் ஸ்பிரிங்கும். பஸ்ஸைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன்.

ஆட்டோவா? மீன் சருவம் என்றால் துறையில் எந்த ஆட்டோ நிற்கிறது? நீ இங்கே பிறந்தவன்தானே? எஞ்சினுக்கு எண்ணெய் தடவச் சொல்ல உனக்கு மனசு வந்தது. உன் அம்மாவை நடுரோட்டில் இறக்கிவிட்டானே, அவன் யாரென்று கேட்கக்கூட உனக்குத் தோன்றவில்லை.

கார் ஓடுகிறது. தட்டு ஒரு நூல்கூட விலகவில்லை. ஸ்பிரிங்குக்கு இன்னொரு பட்டை சேர்த்தாயிற்று. முதல் நாள் கடற்கரை மேட்டிலிருந்து கோயில் வரைக்கும் ஓட்டினேன். சத்தமே இல்லாததால் நாய்கூடத் திரும்பவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள். "வண்டி ஓடுதா, நிக்குதா?" என்று இரண்டு தடவை கேட்டாள். எஞ்சின் இருந்த இடத்துக்கு மேலே நாலு சருவம் தாராளமாக உட்காருகிறது, கை வைத்துப் பார்த்தால் குளிர்ந்தே இருக்கிறது.

உன் கையெழுத்து வராததால் திருட்டு வண்டிபோல ஓட்டுகிறேன். பிடித்தால் பிடிக்கட்டும். ஆர்.சி.யில் இருக்கிற பெயரைச் சொல்வேன்.

ஷெர்லி

•

இராஜாக்கமங்கலம் துறை
21 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

நீ பதில் போடுமுன் நானே எழுதுகிறேன். ஜான்ரோஸ் வழியாகத் தெரிந்துகொண்டு நீ சந்தோஷப்படுவதற்கு முன் என் வாயால் கேள்.

வியாழக்கிழமை கார் நின்றுவிட்டது. ஆசாரிப்பள்ளம் போகிற ஏற்றத்தில், நாலு பேர், நாலு சருவம் சாளை மீன். வயர் கருகுகிற வாடை வந்தது, மெயின் சுவிட்சை அணைத்தேன். இறங்கிப் பின்மூடியைத் திறந்தால் உள்ளே குளம்போல் தண்ணீர். ஐஸ் உருகின தண்ணீர். ஐஸோடு உப்புப் போடுவது நம் ஊரில் எல்லோரும் செய்வது, அதனால் சுத்த உப்புத் தண்ணீர். சமதளத்தில் பேசாமல் கிடந்தது, ஏற்றத்தில் பின்னால் ஓடி மோட்டாரை இயக்குகிற கன்ட்ரோலரை மூழ்கடித்துவிட்டது.

ஏன் தண்ணீர் வெளியே போகவில்லை? அடியில் ஒரு ஓட்டைகூட இல்லை. வள்ளம் கட்டுகிறவன் மகன் அல்லவா நீ? அடித்தட்டில் ஓட்டை போட எப்படிக் கை வரும்? காரையும் வள்ளமாகவே வார்த்து வைத்திருக்கிறாய். கடலில் விட்டால் மிதக்கும். எனக்கும் அது உறைக்கவில்லை. நானும் அந்த வீட்டில்தான் பிறந்தேன். பேட்டரி மாட்டும்போது அந்த அடித்தட்டைத் துடைத்து, ஒரு கீறல் இல்லை என்று மெச்சிக்கொண்டேன். கடையில் வேறு யாராவது பார்த்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பார்கள்.

அம்மா மறுபடியும் சருவத்தோடு ரோட்டில் நின்றாள். பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்து, பார்த்துவிட்டுப் போனது.

கன்ட்ரோலரை மாற்றி உயரத்தில் வைத்துவிட்டேன். டிரில்லை எடுத்து உன் காரின் அடியில் இரண்டு ஓட்டை போட்டேன். உன் மேல் கோபம் இல்லாவிட்டால் போட்டிருக்க மாட்டேன்.

ஷெர்லி

•

சொஹார்
8 நவம்பர் 2024

ஷெர்லிக்கு,

ஓட்டை.

எஞ்சினைக் கழற்றியதைத் திரும்ப மாட்டலாம். நான் மூன்று லீவு தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கிய அடித்தட்டில் டிரில் போட்டிருக்கிறாய். அப்பா உயிரோடிருந்தால் உன் கையை முறித்திருப்பார். உன் கடிதத்தை வேலைத்தலத்தில் வைத்துப் படித்தேன். கூட இருந்தவர்கள் ஊரில் யார் செத்தார்கள் என்று கேட்டார்கள்.

சரி. இரண்டு பேரும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருக்க முடியாது. கையெழுத்துப் போட்டுத் தாளை இதனுடன் அனுப்புகிறேன். நீ கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை. காரில் மீன் ஏறக் கூடாது. அம்மா தாராளமாகப் போகட்டும், வரட்டும், அது அவளுக்கும் சேர்த்துக் கட்டியதுதான். மீன் விற்று முடித்து, குளித்து, சேலை மாற்றிவிட்டு ஏறட்டும். கோயிலுக்குப் போகட்டும், ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். யாராவது வேண்டாம் என்றார்களா?

நீ சொன்னால் மாற்றிச் சொல்வாய் என்று, போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் நானே போனில் சொல்லிவிட்டேன். அம்மா "சரி மக்கா" என்றாள். உன்னைப்போல் பிடிவாதம் பிடிக்கவில்லை. இதற்குப் போய் ஐந்து மாதம் என்னைப் பைத்தியக்காரன் ஆக்கினாய்.

அல்போன்ஸ்

•

சொஹார்
27 டிசம்பர் 2024

ஷெர்லிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து சொல்லலாம் என்று அம்மாவை நான்கு தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நவம்பரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளிலும் எடுக்கவில்லை. உடம்புக்கு ஏதாவதா? ஜான்ரோஸைக் கேட்டால், "எல்லாரும் நல்லாத்தாம் இருக்காவ அண்ணே" என்று போனை வைத்துவிடுகிறான்.

கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் என்னதான் செய்வது? கார் ஓடுகிறதா, இல்லையா? கேட்கிறவனுக்கு ஒரு பதில் போட உனக்கு என்ன கேடு?

என்கூட வேலை பார்க்கிற சிலுவைதாசன் ஊரில் லீவு முடிந்து ஜனவரியில் திரும்பி வருகிறான். அவன் கையிலாவது இரண்டு வரி எழுதிக் கொடு.

அல்போன்ஸ்

•

இராஜாக்கமங்கலம் துறை
12 ஜனவரி 2025

மக்கா அல்போன்சுக்கு,

அம்மை அன்னக்கிளி எழுதுதேன். கை ரீத்தாளுக்க கை, வாய் எனக்க வாய். நான் சொன்னத சொன்னமாதிரி எழுதணும்ணு அவளுக்கிட்ட சொல்லியிருக்கேன். மேலுக்கு சொகமா? நேரத்துக்கு தின்னியா? எனக்கு முட்டுவலி உண்டு, வேற ஒண்ணுமில்ல.

நீ போன் போட்டது எல்லாம் பாத்தேன். வேணும்னுதாம் எடுக்கல்ல. போன்ல பேசினா நீ ஊடால பேசுவ. எனக்கு முழுசா சொல்லணும்.

அந்த ஞாயித்துக்கிழம நீ சொன்னதுக்கு நான் "சரி மக்கா"ண்ணு சொன்னேன். அது எதுக்குச் சொன்ன சரிண்ணு உனக்குத் தெரியல்ல. குளிச்சி சேலை மாத்திட்டு ஏறச் சொன்னியே, அந்தக் கண்டக்டரும் அதத்தாம் சொன்னான். ஒரு சொல்லு மாறல்ல. ஷெர்லி எல்லாம் உனக்கு எழுதியிருக்கா. எழுதினத நீ படிச்சிருக்க. படிச்சப் பொறவும் எனக்கிட்ட அதே வார்த்தையத்தாம் சொன்ன. கண்டக்டர் மேல எனக்குக் கோவம் தீந்துபோச்சு மக்கா. அவன் யாரு பெத்த பிள்ளையோ. நீ நான் பெத்த பிள்ளை.

பள்ளிக்கூடத்துல உன்ன எழுப்பி விட்ட அண்ணைக்கு நீ வீட்டுல வந்து ஒண்ணும் சொல்லல்ல. இப்பம் ஷெர்லி சொல்லித்தாம் தெரியும். சொல்லியிருந்தா நான் அந்த வாத்தியாருக்க முன்னால போய் சருவத்த எறக்கி வச்சிருப்பேன். நீ அவரு மேல கோவப்படல்ல. எனக்க கை மேல கோவப்பட்டிருக்க. இத்தனை வருசமா அது எனக்குத் தெரியாம உனக்கு நான் சட்டை மடிச்சி வச்சிருக்கேன்.

ஷெர்லிக்கிட்ட சொல்லி மோட்டாரையும் பாட்டரியையும் களத்தியாச்சு. அவ அளுதா, "வேண்டாம்மா, அண்ணன் கெடக்கான், நாம ஓட்டுவோம்"ண்ணு சண்டை போட்டா. நான் விடல்ல. உனக்க எஞ்சினு உள்ள போயாச்சு. ஜான்ரோஸ் துருவெல்லாம் தேச்சு எடுத்தான். ஓட்டைய ஷெர்லி பைபர் போட்டு அடச்சி, கை வச்சிப் பாத்தா தெரியாத மாதிரி ஆக்கிட்டா. சீட்டு உறைய நான்தாம் தொவச்சேன். மீன் தொட்ட கையால இல்ல, ரெண்டு தடவ சோப்பு போட்டுக் களுவினப் பொறவு. தார்ப்பாயும் புதுசு போட்டிருக்கு. நீ எப்பிடி விட்டுட்டுப் போனியோ அப்பிடியே கெடக்குது உனக்க காரு.

மோட்டாரு ஒரு பழய சரக்கு ஆட்டோவுல ஏறியாச்சு. வண்டி ரீத்தாளுக்க பேருல. எவனுக்க கையெழுத்தும் வேண்டாம். ஷெர்லி அடித்தட்டுல மொதல்லயே ஓட்டை போட்டுத்தாம் கெட்டினா. ஆறு பேரு போறோம். ஒருத்தியும் ஒருத்திய நாறுதுண்ணு சொல்லல்ல. போன வாரம் அந்த பஸ்ஸுக்க முன்னாலகூடிப் போனோம், ரீத்தா வேணும்ணே பைய ஓட்டச் சொன்னா.

நீ என்ன வந்து பாரு, பாக்காம இரு, அது உனக்க இஷ்டம். வந்தா சோறு உண்டு. அம்மை வீட்டுல குளிச்சிட்டுத்தாம் ஏறணும்ணு சட்டம் இல்ல.

சிலுவைதாசன் நாளைக்கு விமானம் ஏறுதான். காருக்க சாவிய அவனுக்கிட்ட குடுத்திருக்கேன், வாங்கி வச்சுக்க. எப்பளும் லீவு முடிஞ்சு போற ஆளுகிட்ட உனக்குக் கருவாடு குடுத்து விடுவேன் இல்லியா, இந்தத் தடவ ஒண்ணும் வைக்கல்ல. நீ கெடந்து ஒறங்குத முறி நாறிப்போகும்.

அம்மை
அன்னக்கிளி